லைட் எரியுது, புரோகிராம் ஏறலையே!

அணைக்கட்டுப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கிணற்று நீர்மட்டத்தை லேப்டாப்பில் பார்க்க ஆர்டுயினோ ப்ரோ மினி என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு வாங்கினேன். அதில் யுஎஸ்பி கிடையாது என்பதால் சிபி2102 கன்வெர்ட்டரின் 5வி, ஜிஎன்டி, டிஎக்ஸ், ஆர்எக்ஸ் நான்கையும் அதே பெயருள்ள பின்களில் கொடுத்தேன், 5வி மட்டும் விசிசி என்ற மின்சாரப் பின்னில். லைட் எரிகிறது, புரோகிராம் ஏறவில்லை. ஒயரை மாற்றி மாற்றிப் போட்டதில் ஒரே ஒரு தடவை ஏறியது. அப்போதும் சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதை லேப்டாப்பில் காட்டும் ஜன்னல்) வெறும் கிறுக்கல்தான். கிணறு வீட்டிலிருந்து 60 மீட்டர். இதே ஒயரை நீட்டிக்கொள்ளலாமா?"

ஒரு தடவை ஏறியது அல்லவா, அப்படியென்றால் போர்டு உயிரோடுதான் இருக்கிறது. காட்பாடிப் பக்கம் ப்ராஜெக்ட் சீசனில் நல்ல போர்டுகள் குப்பைக்குப் போவதே இந்த இடத்தில்தான். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் கன்வெர்ட்டரைத் தனியாகச் சோதியுங்கள். போர்டைக் கழற்றிவிட்டு, கன்வெர்ட்டரின் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு ஜம்பர் ஒயரால் இணைத்து, சீரியல் மானிட்டரில் எதையாவது அடித்து அனுப்புங்கள். அடித்தது அப்படியே திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், கன்வெர்ட்டர் மூன்றும் சரி. லேப்டாப்பில் காம் போர்ட்டே (கன்வெர்ட்டருக்கான இணைப்பின் பெயர்) காட்டவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள், சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கலாம்.

அடுத்தது ஒயர். டிஎக்ஸ் என்பது வாய், ஆர்எக்ஸ் என்பது காது. வாயை வாயோடு கட்டினால் பேச்சு எங்கே கேட்கும்? கன்வெர்ட்டரின் டிஎக்ஸ் போர்டின் ஆர்எக்ஸுக்கும், அதன் ஆர்எக்ஸ் போர்டின் டிஎக்ஸுக்கும் போக வேண்டும். ஜிஎன்டி மட்டும் நேருக்கு நேர்.

இதன்பிறகும் ஏறாவிட்டால் காரணம் ரீசெட். புரோகிராம் ஏற்றும் நொடியில் போர்டு ரீசெட் ஆக வேண்டும். கன்வெர்ட்டரில் டிடிஆர் பின் (போர்டை ரீசெட் செய்யும் சைகை வருவது) இருந்தால் அதைப் போர்டின் டிடிஆரில் கொடுங்கள், தேவையான கெப்பாசிட்டர் போர்டிலேயே உண்டு. சில சிபி2102-இல் டிடிஆருக்குப் பதில் ஆர்எஸ்டி என்று ஒரு பின் இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது கன்வெர்ட்டர் சிப்பின் சொந்த ரீசெட். டிடிஆரே இல்லையென்றால் 'அப்லோடிங்' என்று வந்ததும் ரீசெட் பட்டனைக் கையால் ஒரு தட்டுத் தட்டலாம். உங்களுக்கு அந்த ஒரு தடவை ஏறியதும் ஒயரை மாற்றும்போது பட்டனில் கை பட்டதால்தான் இருக்கும்.

இனி கிறுக்கல். எனக்குப் பிடித்த இடம் இதுதான். சிப் ஓடும் வேகத்தை வைத்து ப்ரோ மினியில் இரண்டு ஜாதி: 5 வோல்ட்டில் 16 மெகாஹெர்ட்ஸ், 3.3 வோல்ட்டில் 8 மெகாஹெர்ட்ஸ். இரண்டிலும் புரோகிராம் ஏறும் வேகம் நொடிக்கு 57600 பிட் என்பதால், ஆர்டுயினோ மென்பொருளின் மெனுவில் ஜாதியை தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் அது மறுப்பில்லாமல் ஏறிவிடும். 8 மெகாஹெர்ட்ஸ் போர்டில் 16-க்கான புரோகிராம் ஓடினால் எல்லாமே பாதி வேகம். ஒரு நொடி மின்ன வேண்டிய எல்இடி இரண்டு நொடி மின்னும், 9600-இல் அனுப்பச் சொன்னது 4800-இல் போகும். மானிட்டரை 4800-க்கு மாற்றிப் பாருங்கள். எழுத்துத் தெளிந்தால் உங்களுடையது 8 மெகாஹெர்ட்ஸ். மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்துத் திரும்ப ஏற்றுங்கள்.

அப்படியானால் விசிசி-யில் 5 வோல்ட் கொடுப்பதையும் நிறுத்திவிடுங்கள், கன்வெர்ட்டரின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து கொடுங்கள். சந்தேகமிருந்தால் 5 வோல்ட்டை 'ரா' பின்னில் (இது போர்டின் ரெகுலேட்டர் வழியாக விசிசி-க்குப் போகும்) கொடுத்து விசிசி-யை மல்டிமீட்டரில் அளந்தால் ஜாதி தெரிந்துவிடும், 3.3 காட்டினால் 8 மெகாஹெர்ட்ஸ்.

60 மீட்டருக்கு இந்த ஒயரை நீட்ட முடியாது, யுஎஸ்பி கேபிளுக்கே 5 மீட்டர்தான் கணக்கு. ஆர்எஸ்-485 என்ற நீண்ட தூர இணைப்பு முறைக்கு மாறுங்கள், அது 1200 மீட்டர் வரை போகும். கிணற்றடியில் ஒரு மேக்ஸ்485 மாட்யூல், வீட்டில் யுஎஸ்பி-ஆர்எஸ்485 கன்வெர்ட்டர். போர்டின் டிஎக்ஸ் மாட்யூலின் டிஐ என்ற உள்ளீட்டுப் பின்னுக்கு. அங்கிருந்து அனுப்புவது மட்டுமே வேலை என்பதால் அனுப்புவதா பெறுவதா என்று தீர்மானிக்கும் டிஇ, ஆர்இ பின்கள் இரண்டையும் 5 வோல்ட்டில் கட்டிவிடலாம். பழைய போன் சார்ஜர் ஒன்றே மாட்யூலுக்கும் போர்டின் 'ரா'வுக்கும் போதும். இடையில் லேன் கேபிள் இழுங்கள்: முறுக்கிய ஒரு ஜோடி இரு முனையிலும் உள்ள ஏ, பி பின்களுக்கு, இன்னொரு ஒயர் ஜிஎன்டி-க்கு. மோட்டார் கேபிள் போகும் பைப்புக்குள் மட்டும் இதை நுழைத்துவிடாதீர்கள்.