செலவழித்ததெல்லாம் விலையாகுமா? – வாசகர் கார் கேள்வி பதில்

கேள்வி: கோவையில் 2014ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்றைப் பார்த்திருக்கிறேன். செகண்ட் ஓனர், ஓடோமீட்டர் 62,000 கி.மீ. காட்டுகிறது. 17 அங்குல அலாய் வீல், ‘ஸ்டேஜ் 1’ ரீமேப் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது), புது டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்), வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் என இரண்டரை லட்சம் செலவு செய்ததாகப் பில்களைக் காட்டி 6.25 லட்சம் கேட்கிறார். கை வைக்காத அதே ஆண்டு வண்டிகளுக்கு இங்கே 4.50 லட்சம்தான் சொல்கிறார்கள். அவர் கேட்பதைக் கொடுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கொடுக்க வேண்டாம். பில்கள் உண்மையானவையாகவே இருக்கலாம். ஆனால் ஒருவர் தம் அளவுக்குத் தைத்துக்கொண்ட சட்டைக்குத் தையற்கூலியையும் சேர்த்து அடுத்தவர் பணம் கொடுப்பதில்லை. நீங்கள் தொடங்க வேண்டிய தொகை 4.50 லட்சம், அங்கிருந்து கூட்டிக்கொண்டு போகாமல் கழித்துக்கொண்டு வாருங்கள். பழைய வீல்கள், ஸ்பிரிங்குகள், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருடன் கூடிய பழைய டவுன்பைப் ஆகியவற்றை அவர் பத்திரமாக வைத்திருந்து வண்டியோடு தருகிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், அவற்றை வாங்கிப் பொருத்த ஆகும் செலவு முழுவதையும் விலையில் குறைக்க வேண்டும். தருவதாகச் சொன்னால், அலாய் வீல்களைக் கழற்றித் தனியாக விற்றுக்கொள்ளுமாறு சொல்லிப் பாருங்கள். அவற்றுக்கு வெளியே என்ன விலை கிடைக்கும் என்பது அவருக்கே அப்போது தெரிந்துவிடும்.

இந்த வண்டியில் என்னைக் கவலைப்பட வைப்பது வீல் அல்ல, கியர்பாக்ஸ். இதன் 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போது 105 பிஎஸ் சக்தியும் 175 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசை) தருவது. அதோடு இணைந்த ஏழு கியர் டிஎஸ்ஜி எனும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகை. அது தாங்குவதற்கென வகுக்கப்பட்ட உச்சம் 250 நியூட்டன் மீட்டர். ரீமேப் செய்யும்போது டார்க் அந்த எல்லையை நெருங்கிவிடுகிறது. நெடுஞ்சாலையில் ஓடினால் பெரிதாகத் தெரியாது. காந்திபுரம் நெரிசலில் ஊர்ந்தே பல ஆண்டுகள் கழித்த வண்டியானால் கிளட்ச் நிச்சயம் தேய்ந்திருக்கும். இதன் கிளட்ச்சும் கியர் மாற்றத்தை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் பகுதியும் பழுதானால் வரும் பில், வண்டி விலையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும்.

ஆகவே காலையில், அவர் வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போய்ச் சேருங்கள். முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், எஞ்சினை முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினில் புகை, சத்தம், எச்சரிக்கை விளக்கு ஆகியவற்றைக் கவனித்த பிறகு, ஒரு மேட்டில் நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் மெல்ல விடுங்கள். வண்டி உதறினாலும், முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறுகையில் ‘டக்’ என்று இடித்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது. ரிவர்ஸிலும் இதையே செய்து பாருங்கள். ஓடோமீட்டர் சொல்லும் 62,000 உண்மையா என்பதை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் பதிவுகளோடு ஒப்பிட்டுத்தான் நம்ப வேண்டும். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் அந்த எண்ணை மறந்துவிடலாம்.

வீல் விஷயத்தில் ஒரு சிறு கணக்கு. இதற்குக் கம்பெனி கொடுத்த டயர் 185/60 ஆர்15. அகலமான 185 மில்லிமீட்டரில் 60 சதவீதம், அதாவது 111 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம். 17 அங்குல வீலில் 205/45 டயர் போட்டிருந்தால் அது 92 ஆகக் குறைகிறது. நம் சாலைப் பள்ளங்களின் அடியை அந்த இரண்டு சென்டிமீட்டர் ரப்பர்தான் வாங்கிக்கொண்டிருந்தது. இனி ரிம்மும் சஸ்பென்ஷனும் வாங்கும். ரிம்மின் உள்விளிம்பில் நெளிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க உரிமையாளர்மீது வழி இருக்கிறது. வாங்கிய பின் அந்த உரிமையாளர் நீங்கள்தான். 2029இல் பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும்போது எல்லாவற்றையும் பழையபடி மாற்ற வேண்டி வரும். கியர்பாக்ஸ் தேர்வில் தேறி, பழைய பாகங்களும் கிடைத்தால் நான்கு லட்சம் வரை போகலாம் என்பது என் கருத்து.

கேள்வி: சென்னைப் பதிவு எண் கொண்ட 2013 மாருதி ஸ்விஃப்ட் டீசல் 2.90 லட்சத்துக்கு வருகிறது. திருச்சியில் இதே மாடல் 3.60. புது சீட் கவர், புது கார்பெட், ‘ஷோரூம் கண்டிஷன்’ என்கிறார் புரோக்கர். வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்குமோ?
– வாசகர், திருச்சி

பதில்: இத்தனை வயதான வண்டிக்குப் புது கார்பெட் எதற்கு என்பதே என் முதல் கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த வண்டியாக இருக்கலாம். அந்த மாதங்களை ஒட்டிய சர்வீஸ், இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பதிவுகளைக் கேளுங்கள், ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணை எஞ்சினில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். தண்ணீரை இழுத்த எஞ்சினில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்பதால், சிலர் எஞ்சினையே மாற்றி ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு சீட் பெல்ட்டை அதன் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். நண்பருக்காக நான் பார்க்கப் போன ஒரு காரில் உள்ளே எல்லாம் வாசனைத் திரவியம் கமழ்ந்தது. டிரைவர் பெல்ட்டை முழுவதும் இழுத்தபோது, சாதாரணமாக வெளியே வராத கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேற்றின் பழுப்புக் கோடு தெளிவாக ஓடியது. கார்பெட்டை மாற்றியவர் பெல்ட்டை மறந்துவிட்டார். சீட் தண்டவாளத் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியின் அடிப்பகுதி, டாஷ்போர்டுக்கு அடியில் வயர் கனெக்டர்களில் பச்சைப் பூப்பு ஆகியவையும் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். ஒன்று தென்பட்டாலும், எழுபதாயிரம் மிச்சம் என்று மயங்காதீர்கள். வயரிங் கோளாறு மாதங்கள் கழித்தே தலைகாட்டும்.

கேள்வி: 2021ஆம் ஆண்டு காருக்குப் பாலிசியில் உள்ள ஐடிவி 5.20 லட்சம். அதுவே அரசாங்க விலை என்கிறார் விற்பவர். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) 45 சதவீதம் இருப்பதால் எனக்கு லாபம் என்றும் சொல்கிறார். சரியா?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டும் சரியல்ல. வண்டி திருடுபோனாலோ முற்றிலும் சேதமானாலோ இன்ஷூரன்ஸ் தரும் உச்சத் தொகையே ஐடிவி. வயதுக்கேற்ற தேய்மானப் பட்டியல்படி போடப்படும் அந்தக் கணக்கில் இந்த வண்டி எப்படி ஓட்டப்பட்டது, எத்தனை முறை டிங்கரிங் கண்டது என்பது எதுவும் வராது. நோ கிளெய்ம் போனஸ் ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. அவர் அதைத் தம் அடுத்த காருக்கு எடுத்துப் போவார். பெயர் மாறிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அப்போது போனஸுக்கான வித்தியாசத் தொகையை உங்களிடம் கேட்பார்கள். அந்தத் தொகையை இப்போதே விசாரித்து, விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.