பழைய எஞ்ஜினில் ஆயில் ஃபில்டர் குழாய்கள்: வாசகர் கேள்வி – பதில்

கே: என்னிடம் சைடு வால்வ் எஞ்ஜின் உள்ள வில்லிஸ் சிஜே-3ஏ ஜீப் இருக்கிறது. ஃபில்டர் டப்பா துருப்பிடித்துப் போனதால் வேறு டப்பா வாங்கி, கால் அங்குலக் குழாய் வளைத்து மாட்டினோம். அதிலிருந்து எஞ்ஜின் சூடானதும் ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் முள் அடியில் போய் உட்காருகிறது. இரண்டு குழாயையும் கழற்றி அடைத்துவிட்டால் பழையபடி ஏறிவிடுகிறது. பம்ப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக்.
– வாசகர், பொள்ளாச்சி

ப: குழாயை அடைத்தால் பிரஷர் ஏறுகிறது என்றால் பம்பில் கோளாறு இல்லை. பம்பைத் தொடாதீர்கள்.

உங்கள் ஜீப்பில் இருப்பது கிளை வழி ஃபில்டர். பட்டறையில் பைபாஸ் ஃபில்டர் என்பார்கள். பம்ப் தள்ளும் ஆயிலில் பெரும்பகுதி நேராக பேரிங்குகளுக்குப் போகும். சிறு பங்கு மட்டும் கேலரியிலிருந்து (பிளாக்குக்குள் ஓடும் முக்கிய ஆயில் பாதை) பிரிந்து, ஃபில்டருக்குள் போய், எஞ்ஜினின் முன்புற மூடியான டைமிங் கவர் வழியாக சம்ப்புக்கே (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) திரும்பும். அந்தப் பங்கு சிறியதாகவே இருக்க, வழியில் ஒரு நுண்துளை வைத்திருப்பார்கள். அசல் டப்பாவில் பெரும்பாலும் நடுத்தண்டிலேயே அந்தத் துளை இருக்கும். அளவு 1/16 அங்குலம், அதாவது ஒன்றரை மி.மீ.க்குச் சற்று மேல். நீங்கள் வாங்கிய டப்பா வேறு வண்டியுடையதாக இருக்கலாம். அல்லது 'அடைத்துக்கொண்டிருக்கிறது' என்று யாரோ டிரில் போட்டுப் பெரிதாக்கியிருக்கலாம்.

கால் அங்குலக் குழாயின் உள்விட்டம் சுமார் 4.8 மி.மீ. ஒன்றரை மி.மீ. துளையோடு ஒப்பிட்டால் பரப்பு பத்து மடங்கு. ஐடிலிங்கில் மெதுவாகச் சுற்றும் பம்பால் இந்தக் கசிவையும் பேரிங்குகளையும் சேர்த்துச் சமாளிக்க முடியாது. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது தெரியாத குறை, சூடாகி இளகியதும் முள்ளில் தெரிந்துவிடும்.

மூடியைத் திறந்து நடுத்தண்டைப் பாருங்கள். 1.5 மி.மீ. டிரில் பிட் ஆடாமல் நுழைந்தால் சரி. 3 மி.மீ. பிட் நுழைந்தால் அதுதான் காரணம். லேத் பட்டறையில் ஒரு பித்தளை நிப்பிளை உள்ளே அடைத்து 1.5 மி.மீ. துளையிட்டு வாங்கி, கேலரியிலிருந்து கிளம்பும் முனையில் மாட்டுங்கள். துளை எஞ்ஜின் பக்கம் இருந்தால் ஒரு லாபம் உண்டு: பாதியில் குழாய் உடைந்தாலும் ஆயில் பீறிட்டுக் காலியாகாது, நிறுத்திப் பார்க்க நேரம் கிடைக்கும். வடிகட்டாத ஆயில் வருவதால் அடைப்பு வரும் என்பது நஷ்டம். ஆயில் மாற்றும்போதெல்லாம் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். தண்டில் ஏற்கெனவே சரியான துளை இருந்தால் இன்னொன்று வைக்க வேண்டாம்.

கே: ஃபில்டர் டப்பாவில் இரண்டு வாய்கள் உள்ளன, குறி ஏதும் இல்லை. எது உள்ளே, எது வெளியே? மாற்றி மாட்டினால் கெடுதலா?
– வாசகர், திண்டுக்கல்

ப: டப்பாவுக்குள் இருக்கும் வடிகட்டியான எலிமெண்டை எடுத்துவிட்டு ஒவ்வொரு வாயிலும் ஊதிப் பாருங்கள். காற்று டப்பாவின் பக்கச் சுவரில் வந்தால் அது உள்வாய். நடுத்தண்டின் வழியே வந்தால் அது வெளிவாய். ஆயில் எலிமெண்டுக்கு வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்.

மாற்றி மாட்டினால் எலிமெண்ட் உள்ளிருந்து வெளியே தள்ளப்பட்டு, உப்பிக் கிழியும். இதில் சங்கடம், நுண்துளை நடுத்தண்டில் இருப்பதால் எந்தப் பக்கம் ஓடினாலும் கட்டுப்பாடு அப்படியே இருக்கும். மீட்டரில் எந்த வித்தியாசமும் தெரியாது. தவறு வருஷக்கணக்கில் அப்படியே ஓடும்.

எஞ்ஜின் பிளாக்கில் எது பிரஷர் வாய் என்பதில் சந்தேகமா? காயில் வயரைக் கழற்றிவிட்டு, அந்த வாய்க்கு நேரே துணி பிடித்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். பிரஷர் வாயில் ஆயில் துடித்து வரும், திரும்பு வாயில் ஒன்றும் வராது. இரண்டு குழாயையும் கேலரியிலேயே மாட்டிவிட்ட வண்டிகளும் உண்டு. இரு முனையிலும் ஒரே அழுத்தம் இருந்தால் ஆயில் நகரவே நகராது. ஃபில்டர் வெறும் அலங்காரம்தான்.

ஓடுகிறதா என்று சரிபார்க்க, வண்டியை 15 நிமிடம் ஓட்டிவிட்டு டப்பாவை ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். எஞ்ஜின் அளவுக்குச் சூடாக வேண்டும். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் எஞ்ஜினை நிறுத்தி, திரும்பு குழாயை டைமிங் கவர் பக்கம் கழற்றி ஒரு டப்பாவில் விட்டு, ஐடிலிங்கில் சில வினாடி மட்டும் ஓட விடுங்கள். பென்சில் முனை கனத்தில் விடாமல் வந்தால் சரி. சொட்டினால் அடைப்பு. குழாய் நிறைந்து கொட்டினால் முதல் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

கே: ஹார்டுவேர் கடையில் வாங்கிய 1/8 அங்குல எல்போவை பிளாக்கில் மாட்டினால் ஆடுகிறது. டெஃப்லான் டேப் நிறையச் சுற்றி இறுக்கினோம். இரண்டே நாளில் கசிவு.
– வாசகர், திருச்சி

ப: கடையில் கிடைப்பது பி.எஸ்.பி. எனும் பிரிட்டிஷ் குழாய் மரை. அமெரிக்க எஞ்ஜின் பிளாக்கில் இருப்பது என்.பி.டி. எனும் அமெரிக்கக் குழாய் மரை. 1/8 அங்குலத்தில் பி.எஸ்.பி.க்கு அங்குலத்துக்கு 28 மரை, என்.பி.டி.க்கு 27. மரையின் கோணமும் 55 டிகிரி, 60 டிகிரி என்று வேறு. வெளிவிட்டம் பி.எஸ்.பி.யில் 9.7 மி.மீ., என்.பி.டி.யில் 10.3 மி.மீ. அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆடாமல் என்ன செய்யும்? மேலும் இறுக்கினால் வார்ப்பிரும்பு பிளாக்கின் மரை போகும்.

டேப்பை உடனே கழற்றுங்கள். அதன் துணுக்கு ஒன்று பிய்ந்து கேலரிக்குள் போனால் பேரிங் துளையையோ, நாம் பேசிய அந்த நுண்துளையையோ அடைத்துவிடும். என்.பி.டி. எல்போ வாங்குங்கள், கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து வாங்குங்கள். முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு, ஆயில் தாங்கும் பேஸ்டை மெல்லத் தடவி மாட்டினால் போதும்.

குழாய்க்குச் செம்பு வேண்டாம். அதிர்வில் செம்பு இறுகி, நட்டுக்குப் பின்னாலேயே விரிசல் விடும். பிரேக் பைப்புக்குப் போடும் எஃகுக் குழாய் நல்லது. ஃபில்டர் எஞ்ஜினிலேயே மாட்டியிருந்தால் இது போதும். பாடியில் மாட்டியிருந்தால் எஞ்ஜின் ஆடும், பாடி ஆடாது. இடையில் ஆயில் தாங்கும் வளையும் ஹோஸ் கட்டாயம் வேண்டும்.

கே: எலிமெண்ட் கிடைப்பதில்லை. டப்பாவை எடுத்துவிட்டு, இக்காலத் திருகு ஃபில்டரைத் தனி ஹெட்டில் (ஃபில்டரைத் தாங்கும் தலைப்பகுதி) வைத்து ஜீப்பில் மாட்டலாமா?
– வாசகர், ஊட்டி

ப: மாட்டலாம். ஆனால் அதில் நுண்துளை கிடையாது, நீங்கள்தான் வைக்க வேண்டும். இதில் ஓரத்தில் உள்ள சிறு துளைகள் உள்வழி, நடுவில் உள்ள மரை வெளிவழி. நிறுத்திய பின் ஆயில் வடியாமல் இருக்க ஓரத் துளைகளுக்குப் பின்னால் ஒரு ரப்பர் மடிப்பு இருக்கும். குழாய்களை மாற்றி மாட்டினால் அந்த ரப்பர் மூடிக்கொள்ளும். ஜீப்பில் அதனால் வடிகட்டல் நின்றுபோகும், அவ்வளவுதான். ஆயில் முழுவதும் ஃபில்டர் வழியே போகும் எஞ்ஜின்களில் இதே தவறு செய்தால் பேரிங்குகளுக்கு ஆயிலே போகாது. ஸ்டார்ட் செய்து சில வினாடிக்குள் முள் ஏறாவிட்டால் அணைத்துவிடுங்கள்.

மாட்டி முடித்ததும் ஃபில்டரை ஆயிலால் நிரப்பி, காயில் வயரைக் கழற்றி, முள் அசையும்வரை செல்ஃப் அடியுங்கள். ஜீப் எஞ்ஜினுக்கு 4 அமெரிக்கக் குவார்ட், அதாவது சுமார் 3.8 லிட்டர். ஃபில்டருக்கு ஏறத்தாழ இன்னொரு குவார்ட். ஓட்டிய பின் டிப்ஸ்டிக் பார்த்து ஈடுகட்டுங்கள்.

கே: அம்பாசிடர், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்ஜின். எலிமெண்ட் மாற்றிய அன்றே ஃபில்டர் கிண்ணத்தின் விளிம்பில் ஆயில் பாய்கிறது.
– வாசகர், மதுரை

ப: பழைய ரப்பர் வளையம் ஃபில்டர் ஹெட்டின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதை வைத்திருப்பார்கள். மழுங்கிய ஊசியால் கிளறி எடுங்கள்; காய்ந்து இரும்பின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இந்த எஞ்ஜினில் ஆயில் முழுவதும் ஃபில்டர் வழியாகத்தான் பேரிங்குக்குப் போகிறது என்பதால், இப்படியே ஓட்டினால் சம்ப் சீக்கிரம் காலியாகும். கிண்ணத்தைத் திறந்த கையோடு, எலிமெண்டுக்கு அடியில் ஸ்பிரிங், வாஷர், சிறு சீல் வளையம், தட்டு எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பழைய எலிமெண்டோடு அந்தச் சீல் வளையமும் குப்பைக்குப் போய்விடுவது வழக்கம். அது இல்லாவிட்டால் கசிவு தெரியாது, பிரஷரும் குறையாது, ஆனால் ஆயில் எலிமெண்டைச் சுற்றிக்கொண்டு வடிகட்டாமலே போய்விடும்.