சிறுநீரகம் பழுதானால் ரத்தம் ஏன் குறைகிறது?

கேள்வி: என் தந்தைக்கு நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளது. ரத்தப்போக்கு எதுவும் இல்லாதபோதும் ஹீமோகுளோபின் குறைந்துகொண்டே வருகிறது. இரும்புச்சத்து மாத்திரை மட்டும் போதாது, ஊசியும் தேவை என்கிறார் மருத்துவர். சிறுநீரைப் பிரிக்கும் உறுப்புக்கும் ரத்த உற்பத்திக்கும் என்ன தொடர்பு?

பதில்: சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில்தான் உருவாகின்றன, ஆனால் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது சிறுநீரகமே. அதன் நுண்குழாய்களுக்கு இடையே அமைந்த சில செல்கள், ஆக்சிஜன் குறைவதை உணர்ந்ததும் எரித்ரோபொய்டின் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அது மஜ்ஜையை அடைந்து, சிவப்பணுக்களாக முதிர வேண்டிய இளம் செல்கள் பாதியிலேயே மடிந்துவிடாமல் காக்கிறது.

இந்தப் பொறுப்பு சிறுநீரகத்திடம் இருப்பது பொருத்தமானதே. மற்ற பல உறுப்புகளில் ரத்த ஓட்டம் கூடினால் ஆக்சிஜன் மிகுதியாகும். சிறுநீரகத்திலோ, ஓட்டம் கூடும்போது வடிகட்டும் வேலையும், வடித்த உப்பை மீட்பதற்குச் செலவாகும் ஆக்சிஜனும் சேர்ந்தே கூடுவதால், வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாகிவிடுகின்றன. ஆகவே அங்கே ஆக்சிஜன் குறைந்தால், ரத்தம் சுமந்துவரும் ஆக்சிஜனே குறைந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். செல்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2019-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் கிரெக் செமென்சா, பீட்டர் ராட்கிளிஃப் இருவரும் இந்த ஹார்மோனுக்கான மரபணுவை ஆராய்ந்தே அதை நோக்கி நகர்ந்தனர்.

சிறுநீரகத்தில் தழும்பு பரவும்போது அந்தச் செல்கள் சுரக்கும் திறனை இழக்கின்றன. கல்லீரலும் இந்த ஹார்மோனைச் சிறிதளவு சுரக்கிறது என்றாலும், அதனால் இழப்பை ஈடுகட்ட இயலாது. சுமார் 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணுக்களின் ஆயுளும் இந்நோயில் குறைகிறது. உற்பத்திக்கான ஆணையே வராதபோது, மூலப்பொருளான இரும்பை மட்டும் கொடுத்துப் பயனில்லை. எனவேதான் செயற்கை எரித்ரோபொய்டின் ஊசி. 1989 முதல் இது பயன்பாட்டில் உள்ளது.

அதற்காக இரும்பை நிறுத்திவிடக் கூடாது. உடலில் அதன் இருப்பு குறைவாக இருந்தால் ஊசி சரிவர வேலை செய்யாது. மாத்திரை குடலில் சரிவர உறிஞ்சப்படாதவர்களுக்கு இரும்பை ரத்தநாளம் (சிரை) வழியாக ஏற்றுவதும் உண்டு. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யப்பட்டதா, வைட்டமின் பி12 குறைபாடும் குடலில் மறைவான ரத்தக்கசிவும் இல்லை என்று உறுதியானதா என மருத்துவரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபினை விரைவாக இயல்பு நிலைக்கு உயர்த்தும்படி வற்புறுத்தாதீர்கள்; ஊசியால் அதை டெசிலிட்டருக்கு 13 கிராமுக்கு மேல் உயர்த்துவது பக்கவாதம், ரத்த உறைவு ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டுகிறது என்பதால், மருத்துவர்கள் பொதுவாக அதற்குக் கீழேயே நிறுத்துகின்றனர். ஊசி தொடரும் காலத்தில் ரத்த அழுத்தம் உயரக்கூடும்; அதையும் தவறாமல் அளந்து வர வேண்டும்.