கதை வேண்டாம் என்னும் பிள்ளைக்கு இரவில் எதை வாசிப்பது?

கேள்வி: இதுவரை ஒவ்வோர் இரவும் ராசா கதை, நரிக் கதை கேட்டு உறங்கிய என் மகன், நான்காம் தரத்துக்கு வந்தபின் முதலை, பாம்பு, எரிமலை பற்றிய புத்தகங்களையே கேட்கிறான். கதை கேட்கும் வயது முடிந்துவிட்டதா?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: முடியவில்லை, சகோதரி. அவன் கேட்பதையே வாசியுங்கள். முதலை முட்டைக்குள் வளர்வது ஆணா பெண்ணா என்பதைக் கூட்டின் வெப்பநிலையே தீர்மானிக்கிறது என்ற ஒரு வரியை வாசித்துவிட்டுச் சற்று நிறுத்திப் பாருங்கள். மட்டக்களப்பு வாவியில் முதலை உண்டென்று அறிந்து வளரும் பிள்ளை, அடுத்த பக்கத்துக்குப் போகவிடாமல் கேள்விகளை அடுக்குவான். அந்தப் பேச்சு எந்தக் கதைக்கும் குறைந்ததல்ல.

தானாக வாசிக்கப் பழகிவிட்டான் என்று நிறுத்திவிடவும் வேண்டாம். பல வீடுகளில் நடப்பது இதுதான், அது எனக்குப் பெரும் கவலை. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் பொதுவாகத் தாமே வாசித்து விளங்கிக்கொள்வதைவிடக் கடினமான மொழியைக் காதால் கேட்டு விளங்கிக்கொள்வார்கள்.

நூலகத்தில் புத்தகத்தை அவனே தெரிவு செய்யட்டும். அம்மம்மா உடனிருந்தால் வாரத்தில் ஓர் இரவை அவரிடம் விடுங்கள். புத்தகமின்றி அவர் சொல்லும் பழங்கதையை அவன் மறுக்கமாட்டான் என்றே நம்புகிறேன்.