களை வராது என்று பத்தாண்டு உத்தரவாதமா? தண்ணீர் எங்கே போகும் என்று கேளுங்கள்

கேள்வி: சிங்கப்பூரின் தாம்சன் வட்டாரத்தில் மூலைத் தரைவீடு எங்களுடையது. பின்புறத்தில் 7 மீட்டருக்கு 14.5 மீட்டர் அளவில், பிள்ளைகள் பூப்பந்தும் பிக்கல்பாலும் ஆட ஒரு திடல் அமைக்கப் போகிறோம். மழை பெய்தால் காலணியைப் பிடித்துக்கொள்ளும் களிமண். கறுப்பு பிளாஸ்டிக் தாளை இரண்டடுக்காக விரித்து, மேலே மணல் கொட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் டைல்ஸ் பதித்தால் பத்தாண்டுக்குக் களையே வராது என்கிறார் குத்தகையாளர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். பிளாஸ்டிக் தாளும் வேண்டாம், அந்த மணலும் வேண்டாம்.

தீவின் நடுப்பகுதியில் கருங்கல் பாறை மக்கி உண்டான செம்மண்களி உங்கள் வீட்டுக்கு அடியில் இருக்கிறது. அது தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். சிங்கப்பூரிலோ ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கீழே உறிஞ்சாத களி, நடுவே தண்ணீர் புகாத தாள், மேலே மணல் என்றால் டைல்ஸுக்கு அடியில் ஒரு குளம் வெட்டிக்கொள்கிறீர்கள் என்று பொருள். மணல் ஓரமாக அரித்துப் போகும், டைல்ஸ் ஆடத் தொடங்கும், தேங்கிய இடத்தில் கொசு முட்டையிடும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி வந்தால் அபராதச் சீட்டு உங்கள் பெயருக்குத்தான் வரும், குத்தகையாளர் பெயருக்கு அல்ல.

தாளுக்குப் பதிலாக நெய்யப்படாத ஜியோடெக்ஸ்டைல் துணியைக் கேளுங்கள். கம்பளிபோல் தடித்திருக்கும்; தண்ணீரை விடும், மண்ணை விடாது. சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை இருக்கட்டும். களிமண் திடலில் இந்தத் துணியின் முதல் வேலை களையைத் தடுப்பதே அல்ல. ஈரக் களியின் மேல் நேராக ஜல்லி கொட்டினால் ஜல்லி கீழே இறங்கும், களி மேலே பிதுங்கும். சில மழைக்காலத்தில் திடல் மேடும் பள்ளமுமாகிவிடும். அந்த இரண்டையும் கலக்கவிடாமல் பிரித்து வைப்பதற்கே துணி. களையைக் கொஞ்சம் தடுப்பது அதோடு வரும் இலவசம். கடைக்காரர்களோ இலவசத்தைத்தான் விற்கிறார்கள்.

களையைப் பற்றிய உண்மை இதுதான்: திடல் போட்ட பிறகு முளைப்பதில் பெரும்பகுதி மேலிருந்து வருவது. காற்றும் பறவையும் விதையைக் கொண்டுவரும், டைல்ஸ் இடுக்கில் தூசி சேரும், அதில் முளைக்கும். துணி அதற்கு அடியில் கிடக்கிறது, என்ன செய்யும்? கீழிருந்து வருபவற்றில் லாலாங் புல்லும் கோரையும்தான் பொல்லாதவை. கோரையின் முளை ஊசிபோல் கூரானது, பிளாஸ்டிக் தாளையே துளைத்துவிடும். அதன் கிழங்குகள் பெரும்பாலும் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணில்தான் இருக்கும். எனவே அந்த மண்ணை வெட்டி எடுத்துவிடுவது எந்தத் துணியையும்விட மேல். உங்கள் குத்தகையாளர் மண் வெட்டுவதைப் பற்றிப் பேசவே இல்லை, கவனித்தீர்களா? மண்ணை அப்புறப்படுத்த லாரி வேண்டும், லாரிக்குக் காசு வேண்டும்.

மண்ணை வெட்டியதும் அந்தத் தரையிலேயே வாட்டம் வைக்கச் சொல்லுங்கள். நூறுக்கு ஒன்று போதும்: உங்கள் 7 மீட்டர் அகலத்துக்கு ஒரு பக்கம் 7 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும், அந்தப் பக்கம் வடிகால் ஓட வேண்டும். பிறகு துணி, அதன்மேல் 15 சென்டிமீட்டர் ஜல்லியை இரண்டு தடவையாகப் போட்டு இயந்திரத்தால் கெட்டிப்படுத்துவது, கடைசியில் கல்தூளை மெல்லிசாகப் பரப்பிச் சமன் செய்வது, பிறகு டைல்ஸ். துணியை வெயிலில் வாரக்கணக்கில் காயப்போடக் கூடாது, நைந்துவிடும். வேலையைப் பிப்ரவரியில் வைத்துக்கொண்டால் நல்லது. பருவமழையில் வெட்டினால் சேறு தெருவோரக் கால்வாய்க்குப் போகும், பொதுப் பயனீட்டுக் கழகம் அதைச் சும்மா விடாது.

பிளாஸ்டிக் தாளுக்குச் சரியான இடமும் ஒன்று உண்டு. இதைச் சொல்லாவிட்டால் நாளை வேறொருவர் வந்து உங்களைக் குழப்புவார். டைல்ஸை விட்டுவிட்டு கான்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் அக்ரிலிக் வண்ணம் பூசுவதாக இருந்தால், கான்கிரீட்டுக்கு நேர் அடியில் தடித்த தாள் வேண்டும். களியின் ஈரம் ஆவியாகிக் கான்கிரீட் வழியே மேலேறும். வண்ணம் அதை வெளியே விடாது. கொப்புளம் கிளம்பி உரியும். அங்கே தாள் தடுப்பது ஈரத்தை. மழைநீர் கான்கிரீட்டின் மேலேயே வழிந்து போய்விடுவதால் தாளின்மேல் தேங்குவதில்லை. அப்போதும் ஜல்லிக்கும் களிக்கும் நடுவே துணி இருக்கத்தான் வேண்டும். தாள் ஜல்லிக்கு மேலே, துணி ஜல்லிக்குக் கீழே. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வண்ணம் பூசாத வெறும் கான்கிரீட் என்றால் கொப்புளக் கவலை இல்லை. இந்த ஒரு காரணத்தை வைத்துக்கொண்டுதான், 'கான்கிரீட்டுக்குத் தாள் போடுகிறார்களே, டைல்ஸுக்குப் போட்டால் என்ன' என்று வாதாடுவார்கள். மயங்காதீர்கள்.

இனி குத்தகையாளர்கள். விலைப்பட்டியலில் 'உயர்தரக் களைத்துணி' என்று மட்டும் எழுதியிருந்தால், வரப்போவது நாற்றுப்பண்ணையில் தொட்டிகளுக்கு அடியில் விரிக்கும் மெல்லிய துணி. எடையை எழுத்தில் கேளுங்கள். மாதிரித் துண்டு ஒன்றை வாங்கிக் குழாயடியில் பிடியுங்கள். தண்ணீர் இறங்காமல் மேலேயே நின்றால் திருப்பிக் கொடுங்கள். அடுத்தது ஓரங்கள். ஒரு துணியின் மேல் அடுத்த துணி குறைந்தது 30 சென்டிமீட்டர் ஏற வேண்டும். 2 மீட்டர் அகலச் சுருள் என்றால் உங்கள் திடலுக்கு நான்கு பட்டைகள், மொத்தம் 116 சதுர மீட்டர். திடலின் பரப்பு 101.5தான். அந்த 101.5-ஐ மட்டும் கணக்கிட்டுக் குறைந்த விலை சொல்கிறவர், துணிகளை ஓரத்தோடு ஓரம் ஒட்டிவிட்டுப் போவார். களி அந்த இடுக்கு வழியே ஏறும். பத்தாண்டு உத்தரவாதத்தைப் பொடி எழுத்து வரை வாசியுங்கள். 'இயற்கையாக முளைப்பவை நீங்கலாக' என்று இருக்கும். செயற்கையாக முளைக்கும் களையை நான் இன்னும் பார்த்ததில்லை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு என்றால் பதிவுபெற்ற புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியல் இருக்கிறது. தரைவீட்டுத் தோட்டத்தில் திடல் போடுகிறவருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஒரு கைப்பேசியும் நான்கு படங்களும் இருந்தால் போதும். கொசு என்றால் ஒரு வாரியம், வடிகால் என்றால் ஒரு கழகம், ஏமாந்த பணம் என்றால் இன்னோர் இடம். திடல் முழுவதையும் பார்க்க யாரும் இல்லை. போதாததற்கு, பழைய தரைவீடுகளின் பின்புறத்தில் பொதுக் கழிவுநீர்க் குழாய் ஓடுவதுண்டு. தோண்டுவதற்கு முன் அதன் வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும், கழகத்தின் அனுமதியும் தேவைப்படலாம். உங்கள் குத்தகையாளர் அதைச் சொன்னாரா?

முன்பணத்தைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். மண் வெட்டியதும் ஒரு தவணை, துணி விரித்ததும் ஒரு தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தகராறு வந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும், இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை; இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே ஜல்லியைத் தோண்டிக் காட்ட முடியாது. எனவே துணி விரித்த அன்றே, ஜல்லி கொட்டுவதற்கு முன், ஒவ்வோர் ஓரத்திலும் அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்துக் குத்தகையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.