ரீபூட் பண்ணாம விஎன்சியை நிறுத்த முடியுமா?

கேள்வி: சார், எங்க ஆபீஸ்ல ஒரு உபுண்டு சர்வர் இருக்கு, அதுல டைட்விஎன்சி (சர்வரோட டெஸ்க்டாப்பைத் தூரத்துல இருந்தே திரையில பாத்து வேலை செய்ய விடுற விஎன்சி மென்பொருள்ல ஒண்ணு) போட்டு பத்து பதினஞ்சு பேர் உள்ள போய் வேலை பாக்குறோம். என்னோட செஷன் அடிக்கடி அப்படியே உறைஞ்சு நின்னுடுது. விஎன்சிசர்வர் -கில் :1 (1ங்கிறது என் செஷனோட டிஸ்ப்ளே நம்பர்) கொடுத்தா பிஐடி ஃபைலைக் (ப்ராசஸ், அதாவது ஓடுற புரோகிராமோட நம்பர் இருக்கிற ஃபைல்) காணோம், ப்ராசஸை நீங்களே கில் பண்ணிக்கோங்கன்னு வருது. புதுசா ஸ்டார்ட் பண்ணப் போனா 1 ஏற்கனவே ஓடுதுங்குது. கடைசில சர்வரையே ரீபூட் பண்ணிடுறோம், எல்லாரும் திட்டுறாங்க. வேற வழி இருக்கா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: இருக்குங்க, ரீபூட் தயவுசெஞ்சு வேணாம், ஒருத்தர் செஷனுக்காக மத்தவங்க சேவ் பண்ணாம வச்சிருக்கிற வேலை எல்லாம் போறது ரொம்ப அநியாயம்.

முதல்ல அந்த -கில் என்ன பண்ணுதுன்னு பாருங்க. உங்க ஹோம்ல புள்ளி விஎன்சின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள ஹோஸ்ட்நேமும் :1ம் சேர்ந்த பேர்ல ஒரு பிஐடி ஃபைல் இருக்கும், அதுல இருக்கிற ப்ராசஸ் நம்பருக்கு சிக்னல் அனுப்புது, அவ்ளோதான். அதனால செஷனை உங்க பேர்ல ஆரம்பிச்சுட்டு ரூட்டா (சர்வரோட அட்மின் யூசர்) லாகின் பண்ணி -கில் கொடுத்தா அது ரூட்டோட ஹோம்ல தேடிட்டு காணோம்னு சொல்லும். நடுவுல சர்வரோட ஹோஸ்ட்நேம் மாறியிருந்தாலும் இதே கதைதான், ஃபைல் பழைய பேர்ல இருக்கும், அது புதுப் பேர்ல தேடும். அதனால உங்க சொந்த யூசர்லதான் கொடுக்கிறீங்களான்னு முதல்ல பாருங்க, பாதிப் பேருக்கு இதுலயே முடிஞ்சிடும்.

இன்னொண்ணு, உறைஞ்சது விஎன்சியேதானா? எஸ்எஸ்எச்ல (கமாண்ட் மூலமா சர்வருக்குள்ள போற வழி) உள்ள போய் டாப் (எந்த ப்ராசஸ் எவ்ளோ மெமரி எடுக்குதுன்னு காட்டும்) போட்டுப் பாருங்க. உள்ள திறந்து வச்ச பிரவுசரோ பெரிய எக்செல் ஷீட்டோ மெமரியைத் தின்னுட்டு இருந்தா அதை மட்டும் கில் பண்ணுங்க, செஷன் திரும்பி வந்துடும். விஎன்சி ப்ராசஸைக் கொன்னா அதுக்குள்ள திறந்திருக்கிற அத்தனையும் கூடவே போயிடும், அதான் அதைக் கடைசியா வச்சுக்கணும்.

அப்பவும் வழியில்லைன்னா பிஎஸ் -இஎஃப் (ஓடுற ப்ராசஸ் பட்டியல்) போட்டு எக்ஸ்டைட்விஎன்சின்னு வர்ற வரிகள்ல உங்க யூசர் பேரும் :1ம் இருக்கிற வரியைக் கண்டுபிடிங்க. பேரை வச்சு மொத்தமா கொல்ற கில்ஆல், பிகில் பக்கம் ரூட்டா இருக்கிறப்போ போகவே போகாதீங்க, பத்து பேர் செஷனும் ஒரே நொடில காலி. நம்பரை எடுத்து வெறும் கில் கொடுங்க, அது 15ஆம் நம்பர் சிக்னல், ப்ராசஸ் தன்னோட ஃபைல்களைச் சுத்தம் பண்ணிட்டுப் போறதுக்கு நேரம் கொடுக்கும். கொஞ்சம் பொறுத்துப் பாத்து அசையலன்னா மட்டும் கில் -9. நெட்ல எல்லாரும் எடுத்த உடனே -9 தான் சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல, ஏன்னா அதுல செத்தது பூட்டைத் திறக்காமலே போயிடும்.

எந்தப் பூட்டுன்னா டெம்ப் ஃபோல்டர்ல புள்ளி எக்ஸ்1-லாக்னு ஒரு ஃபைல், அப்புறம் அங்கயே புள்ளி எக்ஸ்11-யுனிக்ஸ் ஃபோல்டருக்குள்ள எக்ஸ்1னு ஒண்ணு. ரெண்டும் மறைஞ்ச ஃபைல்கள், எல்எஸ் -ஏ போட்டாதான் தெரியும். இது கிடந்தா சர்வர் இல்லாட்டியும் 1 இருக்குன்னுதான் நினைச்சுக்கும், நீங்க நம்பர் கொடுக்காம ஸ்டார்ட் பண்ணா 2க்குப் போயிடும், நீங்க வியூவர்ல 5901லயே தட்டிட்டு இருப்பீங்க, அது 5902ல காத்துட்டு இருக்கும் (5900ஓட டிஸ்ப்ளே நம்பரைக் கூட்டினா போர்ட்). :1ல எதுவும் ஓடலன்னு பிஎஸ்ல உறுதி பண்ணிட்டு ரெண்டையும் அழிச்சுடுங்க, சொந்தக்காரரோ ரூட்டோதான் அழிக்க முடியும்.

-9க்கும் சாகலையா? பிஎஸ் ஆக்ஸ்ல ஸ்டேட் டி (D)ன்னு காட்டுதான்னு பாருங்க. காட்டினா அது டிஸ்க்கோ என்எஃப்எஸ்ஸோ (நெட்வொர்க் வழியா வர்ற ஃபைல் ஸ்டோரேஜ்) பதில் சொல்றதுக்காகக் கெர்னலுக்குள்ள (சிஸ்டத்தோட மையப் பகுதி) காத்துட்டு இருக்கு, எந்த சிக்னலும் அங்க எட்டாது, அந்த டிஸ்க்கையோ என்எஃப்எஸ் சர்வரையோ சரி பண்ணாதான் விடும். கில் பண்ண உடனே புது நம்பர்ல திரும்ப எழுந்து வந்தா யாரோ சிஸ்டம்டில (சர்வீஸ்களை ஆரம்பிச்சுப் பாத்துக்கிற புரோகிராம்) சர்வீஸா போட்டு வச்சிருக்காங்க, அப்போ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கொடுத்துதான் நிறுத்தணும்.

அடிக்கடி உறையுதுன்னு சொன்னீங்களே, அதுக்கு அதே விஎன்சி ஃபோல்டர்ல இருக்கிற லாக் ஃபைலோட கடைசி வரிகளையும் டிஎஃப் -எச் (டிஸ்க்ல மிச்ச இடம்), ஃப்ரீ -எச் (மிச்ச மெமரி) ரெண்டும் காட்டுறதையும் அடுத்த தடவை உறையிறப்போவே எடுத்து அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்.