உங்கள் குடும்பத்தில் திருச்சபைக்காகவே வாழ்ந்தவர் யாரேனும் உண்டா? அவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

உண்டு. என் அம்மாவைப் பெற்ற ஆச்சி, திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்ந்தவர். குருப்பட்டமோ சபையில் வேறெந்தப் பதவியோ அவருக்கு இருந்ததில்லை. ஆயினும் எங்கள் சபையைத் தாங்கி நின்றவர்கள் அவரைப் போன்ற பெண்களே என்பது என் உறுதியான எண்ணம்.

இடையன்குடிக்கு 1841-இல் மிஷனெரியாக வந்து சேர்ந்த கால்டுவெல்லைத் தமிழுலகம் மொழியறிஞராக அறியும். ஆச்சியோ அவருடைய துணைவியார் எலிசா அம்மையாரைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். நாகர்கோவிலில் ஊழியம் செய்த மிஷனெரி மால்ட் ஐயரின் மகளான எலிசா, 1844-இல் மணமாகி வந்தபின் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். பனையேறிக் குடும்பங்களின் பெண்கள் பலருக்கு அந்தப் பின்னலால் சொந்தச் சம்பாத்தியம் கிடைத்தது. ஆச்சியின் தாயாரும் லேஸ் பின்னியவர். வேதாகமத்தைத் தாமே வாசிக்கத் தெரிந்தவர். அந்த வாசிப்புதான் ஆச்சிக்குக் கிடைத்த சீதனம்.

ஆச்சியின் ஊழியம் அடுப்படியில் தொடங்கியது. உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பே ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவார். எங்கள் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களின் பழைய வழக்கம் அது. சேர்ந்த அரிசியைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அது விற்றுக் காசாகி ஊழியத்துக்குச் சேரும். 1903-இல் பாளையங்கோட்டையில் நம்மவர்களே தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912-இல் அங்கேயே பேராயரானார். இத்தகைய பெரும்பணிகளுக்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனையோ பெண்களின் காணிக்கை இருக்கிறது என்பதை வரலாறு எழுதுவோர் இன்னும் அழுத்தமாகச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் ஆச்சியின் பிடி குறைந்ததில்லை. அன்று அவருடைய தட்டில்தான் சோறு குறைந்திருக்கும்.

ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார், ஸ்தோத்திரப் பண்டிகையின் அசனம் என்னும் சபை விருந்துக்குக் காய் நறுக்கினார். இவற்றைப் பலரும் செய்தார்கள். ஆச்சியை ஊரார் நினைவில் வைத்திருப்பது அவர் வீடுவீடாகச் சென்றதற்காகவே. பதநீர்க் காலத்தில் பெண்கள் விடிந்தது முதல் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். ஜெபக்கூட்டத்துக்கு வர இயலாது. அவர்கள் வராததைக் குறையாகப் பேசாமல், அவர்கள் பதநீர் காய்ச்சும் குடிசையான, புகை மண்டிய விடிலிக்கே சென்று, கொப்பரையின் அருகில் அமர்ந்து சங்கீதம் வாசித்துவிட்டு வருவார். பனந்தோப்பின் எல்லைத் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் தம்பி குடும்பங்கள் இரண்டு இருந்தன. பகையோடு திருவிருந்துக்குப் போகக்கூடாது என்று இரு வீட்டுப் பெண்களிடமும் மாறி மாறிப் பேசி, ஒரு பெரிய வெள்ளிக்கு முன்பாக அவர்களைச் சேர்த்துவைத்தார்.

இறப்பு நேர்ந்த வீடுகளுக்குச் சாதி, மதம் பாராமல் முதல் ஆளாகப் போவார். சிறுமியாக இருந்த என்னையும் சில நேரம் உடன் அழைத்துச் செல்வார். அங்கே அவர் வேதவசனம் எதுவும் சொல்லாததைக் கண்டு, ஏன் என்று கேட்டேன். "அழுத வீட்டுல போய் பிரசங்கம் பண்ணக் கூடாதுட்டி. மொதல்ல தண்ணி மோந்து குடு, பிள்ளையளுக்குக் கஞ்சி வச்சிக் குடு. அவுகளா கேட்டா ஜெபம் பண்ணலாம்" என்றார். பல நாட்கள் கழித்து அவர்களே கேட்பார்கள். அப்போது மெல்லிய குரலில் சுருக்கமாக ஜெபிப்பார். பிறருடைய துயரத்தைத் தம் ஊழியத்துக்கு வாய்ப்பாகப் பயன்படுத்திக்கொள்ளாத இந்த நேர்மையை, அவரிடம் நான் கண்டவற்றுள் எல்லாவற்றிலும் உயர்ந்ததாகக் கருதுகிறேன்.

கடைசி ஆண்டுகளில் பார்வை மங்கி, கோயிலுக்கு நடந்து செல்ல இயலாமல் போனபோது, பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஆச்சி வீட்டுத் திண்ணையிலேயே கூடினார்கள். மனப்பாடமாக இருந்த சங்கீதங்களைச் சொல்லிவிட்டு, யார் வீட்டில் நோய், யார் வீட்டுக்கு யார் போனீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் விசாரிப்பார். அவர் ஒருவராகவே சென்று வந்த வீடுகளை இப்போது சங்கத்துப் பெண்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வாரந்தோறும் தவறாமல் போய்வர ஆள் போதவில்லை என்று என் சித்தி சொல்கிறார்.